எபிசோட் 47: நாயனம் வாசிக்க எப்படி உட்காரணும், எப்படி நிக்கணும்?

[எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் குறைத்திருக்கிறோம்.]

பின்னாடி ஒரு தட்டல் சத்தம் விடாம கேட்டா உங்க ஹெட்ஃபோனைச் சந்தேகப்படாதீங்க. இந்த வாரம் ஆரணியில இருந்து ரெக்கார்ட் பண்றேன், பக்கத்து வீட்ல தறி ஓடுது. ஆரணியில அமைதியான அறை வேணும்னா ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கிடைக்கும்.

இன்னைக்கு விஷயம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து வருது. அவர் பெங்களூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில இருக்கார். தாத்தா நாதஸ்வரம் வாசிச்சவர். அப்பா அந்தப் பக்கமே போகல, அரசு வேலைக்குப் போயிட்டார். இவர் ஒரு வருஷமா ஆன்லைன் வகுப்புல கத்துக்கிறார். அபார்ட்மென்ட்ல நாதஸ்வரம் சாதகம் பண்றவர்னாலே எனக்கு மரியாதை வந்துடுச்சு, அந்த அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பை நினைச்சுப் பாருங்க. ஆனா அவர் பிரச்சனை பக்கத்து வீடு இல்ல. வாசிக்க ஆரம்பிச்ச இருபதாவது நிமிஷம் கழுத்தும் வலது தோளும் பிடிச்சுக்குது. உதடு சீக்கிரம் சோர்ந்துடுது. மேல் ஸ்தாயி போகப் போக சுருதி ஏறிடுது. "எனக்கு இந்த உடம்பு ஒத்துக்கல போல, விட்டுடலாமா?"னு கேட்டிருக்கார்.

ஒரு குடும்பத்துல ஒரு தலைமுறை விட்டுப் போன விஷயம், ஒரு கழுத்து வலியால ரெண்டாவது முறையும் விட்டுப் போகுதுன்னா அது கொஞ்சம் பெரிய இழப்பு. அதனால இதை முழுசா பார்த்துடலாம். நான் வித்வான் இல்ல. இங்க கல்யாண மண்டபங்கள்ல வாசிக்கிற ரெண்டு பேர்கிட்ட உட்கார்ந்து கேட்டேன், மூச்சு பத்தியும் தசை பத்தியும் படிச்சேன். அதைத்தான் சொல்றேன்.

முதல்ல கருவி. நாதஸ்வரத்துல மேல சீவாளி, அதாவது நாணல்ல செய்த இரட்டை நாக்கு. அது கெண்டைங்கிற சின்ன உலோகக் குழல்ல சொருகியிருக்கும். அதுக்குக் கீழ உலவு, அதுதான் துளைகள் இருக்கிற நீளமான உடம்பு. அடியில புனல் மாதிரி அணசு. உலவு ஆச்சா மரம். நல்ல கனமான, இறுகின மரம். நரசிங்கம்பேட்டையில செய்றவங்க புதுசா வெட்டின மரத்தை எடுக்கிறதில்ல, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற முற்றின ஆச்சாவைத்தான் தேடுவாங்க. அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சுது.

இப்ப இதோட எடையை யார் தாங்குறாங்கன்னு பாருங்க. சாக்ஸஃபோனுக்குக் கழுத்துப் பட்டை இருக்கு. கிளாரினெட்டுக்கும் ஓபோவுக்கும் வலது கட்டைவிரல் தாங்க ஒரு சின்ன உலோகக் கொக்கி இருக்கு. நாதஸ்வரத்துக்கு ரெண்டும் கிடையாது. ரெண்டு கையும்தான். அந்தக் கைகள் தொங்குறது தோள்ல. தோள் தொங்குறது கழுத்துல. ஆக, கழுத்து வலிக்குதுன்னா முதல்ல பார்க்க வேண்டிய இடம் கழுத்து இல்ல, முழங்கை. முழங்கை விலாவோட ஒட்டி இருந்தா தோள் தானா மேல ஏறும். அதுக்காக இறக்கை மாதிரி விரிச்சு வெச்சாலும் தோள்தான் சுமக்கும். அக்குள்ல ஒரு எலுமிச்சம்பழம் நசுங்காம இருக்கிற அளவு இடைவெளின்னு இங்க ஒருத்தர் சொன்னார். எனக்கு அது எந்த டயக்ராமையும் விட நல்லா புரிஞ்சுது.

இன்னொரு விஷயம், நீளம். பழைய திமிரி நாயனம் குட்டையானது, உச்ச சுருதி. இப்ப எல்லார் கையிலயும் இருக்கிறது பாரி நாயனம். நீளம் அதிகம், சுருதி கீழ. பாரியைப் பரவலாக்கினதுல திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) பெரிய பங்கு உண்டு. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்யமம் சரியா பேசுற மாதிரி கருவியை மாத்திச் செஞ்சார்னு சொல்லுவாங்க. காதுக்கு அது வரம். உடம்புக்கு என்ன ஆச்சுன்னா, கீழ் துளைகள் இன்னும் தள்ளிப் போச்சு, விரல் இன்னும் அகலமா விரியணும், கை இன்னும் நீளணும். சின்ன கை இருக்கிறவங்க, முக்கியமா கத்துக்கிற பிள்ளைகள், எட்டாத துளையை எட்ட உடம்பையே ஒரு பக்கம் சாய்ப்பாங்க.

சரி, மூச்சு. இதுதான் இன்னைக்கு மெயின் விஷயம்.

நாம மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் கீழ இறங்குது. அது இறங்க, வயித்துல இருக்கிறதெல்லாம் முன்னாடியும் பக்கவாட்டிலயும் தள்ளி வழி விடணும். விலா எலும்புகளும் வெளிப்பக்கம் விரியும். குனிஞ்சு உட்கார்ந்தா வயிறு மடங்கிடும், உதரவிதானம் இறங்க இடம் இல்ல. அப்ப உடம்பு என்ன பண்ணும்? தோளைத் தூக்கி, கழுத்துத் தசையை வெச்சு மேல் நெஞ்சுல காத்தை இழுக்கும். நம்ம நேயரோட கழுத்து ஏற்கெனவே நாதஸ்வரத்தோட எடையைச் சுமக்குது, இப்ப மூச்சையும் சுமக்குது.

இதை நீங்க இப்பவே சோதிக்கலாம். (வண்டி ஓட்டிட்டு கேக்குறவங்க வேண்டாம், ப்ளீஸ்.) நாற்காலியில நல்லா கூன் போட்டு உட்காருங்க. மூச்சு இழுத்து, "ஸ்ஸ்ஸ்"னு ஒரே சீரா எத்தனை நொடி விட முடியுதுன்னு எண்ணுங்க. அப்புறம் உட்காரும் எலும்பு ரெண்டும் நாற்காலியைத் தொடுற மாதிரி இடுப்பை நிமிர்த்தி, திரும்பச் செய்ங்க. பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை. "நேரா உட்காரு"ன்னு சொன்னதும் நாம எல்லாரும் செய்றது குடியரசு தின அணிவகுப்பு. நெஞ்சைத் தூக்கி, தோளைப் பின்னாடி தள்ளி, முதுகை வில்லா வளைச்சு நிப்போம். அதுவும் தப்புதான். முதுகுத் தசை முழுக்க இறுகிடும், முன் விலா மட்டும் தூக்கிக்கும், மூச்சு திரும்ப மேல் நெஞ்சுக்கே போகும். நிமிர்றதுன்னா தலை உச்சி மேல போகிற மாதிரி, தோள் கீழ விழுற மாதிரி. விறைப்பு எங்கயுமே வரக்கூடாது.

இரட்டை நாக்குக் கருவிகளுக்குன்னு ஒரு தனி விசேஷம் இருக்கு. புல்லாங்குழல்ல காத்து ஏகமா செலவாகும், எதிர்ப்பு கம்மி. சீவாளியில காத்து போற வழி ரொம்பக் குறுகல், அதனால அழுத்தம் அதிகம், செலவாகிற காத்து கம்மி. மேற்கத்திய ஓபோ வாசிக்கிறவங்க ஒரு விசித்திரமான விஷயம் சொல்லுவாங்க: வரி முடியும்போது காத்து தீர்ந்து போறதில்ல, பழைய காத்து மிச்சம் இருக்கும், ஆனா மூச்சு முட்டும். முதல்ல அதை வெளிய விட்டுட்டுத்தான் புதுசை இழுக்க முடியும். நாதஸ்வரம் கத்துக்கிறவங்களும் "இழுக்கணும் இழுக்கணும்"னு திணிச்சுக்கிட்டே போவாங்க, விடுறதை மறந்துடுவாங்க. நெஞ்சு பலூன் மாதிரி நிறைஞ்சு, தோள் காதைத் தொடும்.

இந்த அழுத்தத்தைக் கொடுக்க வேண்டியது வயிறும் இடுப்பைச் சுத்தி இருக்கிற தசைகளும். அது வேலை செய்யலைன்னா தொண்டையும் தாடையும் அந்த வேலையை எடுத்துக்கும். கல்யாணத்துல வாசிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப்: வேட்டி மேல கட்டுற பெல்ட். அவிழ்ந்துடக் கூடாதுன்னு இறுக்கிக் கட்டினா, வயிறு விரிய வேண்டிய இடத்துல ஒரு பூட்டு போட்ட மாதிரி. ஒரு துளை தளர்த்துங்க.

இப்ப நேயரோட சுருதி ஏற்ற மர்மத்துக்கு வருவோம். எனக்கு இது பக் தேடுற மாதிரி சுவாரஸ்யமா இருந்தது. அவர்கிட்ட திரும்பக் கேட்டேன்: "வகுப்புல ஃபோன் எங்க வெப்பீங்க?" தரையில, சுவத்துல சாய்ச்சு. அதுதான் ஆரம்பம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையில இருக்கிற திரையைப் பார்க்கிறார். தலை குனியுது. மனுஷத் தலை நாலரை, அஞ்சு கிலோ. அது முன்னாடி சாய்ஞ்சா பின்கழுத்துத் தசைதான் கயிறு மாதிரி பிடிச்சு நிறுத்தணும். சரி, அது வலிக்குக் காரணம். சுருதிக்கு?

நாதஸ்வரத்துல கமகம், ஸ்வரத்தோட நுணுக்கமான இடம், இதெல்லாம் விரல்ல மட்டும் வர்றதில்ல. பெரும்பகுதி உதடும் மூச்சும்தான். சீவாளி உதட்டுல எந்தக் கோணத்துல, எவ்வளவு உள்ள இருக்குங்கிறது மாறினா சுருதி மாறும். தலை குனிஞ்சா அந்தக் கோணம் மாறிடுது. நாதம் நழுவுற மாதிரி தோணும், உடனே தாடை கடிச்சுப் பிடிக்கும். இரட்டை நாக்கை அழுத்திக் கடிச்சா சுருதி ஏறும். உதடும் சீக்கிரம் களைக்கும். ஆக கழுத்து, உதடு, சுருதின்னு அவர் அனுப்பினது மூணு புகார் இல்ல, ஒண்ணுதான். ஃபோனை ரெண்டு மூணு புத்தகப் பெட்டி மேல வெச்சு கண் உயரத்துக்குக் கொண்டு வரச் சொன்னேன்.

எல்லா ஊதுகருவிக்கும் பொருந்துற ஒரு விதி இருக்கு: கருவி வாய்க்கு வரணும், வாய் கருவிக்குப் போகக் கூடாது. முதல்ல வெறுங்கையோட வசதியா உட்காருங்க, எதிர்ச் சுவரைப் பாருங்க, ஒரு மூச்சு விடுங்க. அப்புறம் கைகள் நாயனத்தைத் தூக்கிட்டு வரட்டும். தலை அசையவே கூடாது. இந்தப் பத்து நொடிதான், ஆனா யாரும் செய்றதில்ல.

எங்க ஊர் குழித்தறியில இதே விஷயம் வேற ரூபத்துல இருக்கு. தரையில குழி வெட்டி, விளிம்புல உட்கார்ந்து, கால் ரெண்டையும் உள்ள விட்டு மிதிபலகையை மிதிப்பாங்க. எங்க தெருவுல தறி போடும்போது, நெய்யப் போறவரை உட்கார வெச்சு, கால் எட்டுதான்னு பார்த்துத்தான் குழியோட ஆழத்தை முடிவு பண்ணுவாங்க. அப்புறம் அந்தத் தறியில வேற ஆள், குட்டையான ஆள் உட்கார்ந்தா கீழ ஒரு பலகை போட்டு உயர்த்துவாங்க. ஆளுக்கேத்த மாதிரி தறி. இதுல ரொமான்ஸ் பண்ண ஒண்ணும் இல்ல, முப்பது வருஷம் நெய்தவங்க முதுகைப் பார்த்து வளர்ந்தவன் நான். பட்டு நுணுக்கமான வேலை, இழை அறுந்தா குனிஞ்சுதான் பார்க்கணும். ஆனா அமைப்பை உடம்புக்கேத்த மாதிரி மாத்தணும்ங்கிற அந்த முதல் படி அவங்ககிட்ட இருக்கு. லேப்டாப்பை மடியில வெச்சுக்கிற நம்மகிட்ட இல்ல.

சம்மணம் பத்தி ஒரு நிமிஷம். தரையில உட்கார்ந்து வளர்ந்தவங்களுக்கு இடுப்பு மூட்டு திறந்து இருக்கும். பள்ளிக்கூட பெஞ்ச், ஆஃபீஸ் நாற்காலின்னு வளர்ந்த நம்மில் பல பேருக்கு அது இறுகிப் போச்சு. சம்மணம் போட்டா முழங்கால் இடுப்பை விட உயரத்துல நிக்கும், இடுப்பெலும்பு பின்னாடி சாயும், கீழ் முதுகு வளையும். அப்புறம் மேல என்ன நிமிர்ந்தும் பிரயோஜனம் இல்ல. ஒரு போர்வையை மடிச்சு பின்பக்கத்துக்கு மட்டும் போட்டு உட்காருங்க. முழங்கால் இடுப்பை விடக் கீழ போகிற வரைக்கும் மடிப்பைக் கூட்டுங்க. அதுவும் முடியலைன்னா நாற்காலியில உட்கார்ந்து சாதகம் பண்ணுங்க, ஒரு ராகமும் கோவிச்சுக்காது.

நிக்கிறதுக்கு வருவோம். கோயில் வாசிப்புல அடிப்படையே நிக்கிறதும் நடக்கிறதும்தான். சுவாமி புறப்பாட்டுல மல்லாரி, அப்புறம் வீதியில ராக ஆலாபனை, மணிக்கணக்கா. கால் ரெண்டும் இடுப்பு அகலத்துக்கு, முழங்கால் பூட்டாம லேசா தளர்ந்து இருக்கணும். முழங்காலைப் பின்னாடி பூட்டினா இடுப்பு முன்னாடி தள்ளும், கீழ் முதுகு எடுக்கும். நடந்துகிட்டே வாசிக்கும்போது ஒவ்வொரு அடியோட அதிர்ச்சியும் சீவாளி வரைக்கும் வரும். தளர்ந்த முழங்கால்தான் அங்க ஷாக் அப்ஸார்பர்.

ஆனா நிக்கிறது, உட்கார்றதுங்கிறது நாதஸ்வரத்துல வெறும் முதுகெலும்பு சமாச்சாரம் இல்ல. இதைச் சொல்லாம போனா இந்த எபிசோட் பாதிதான். இந்தக் கலையை வளர்த்தவங்க பெரும்பாலும் இசை வேளாளர்கள். நம்ம வடக்கு மாவட்டங்கள்ல மருத்துவர் சமூகத்தவரும் நிறைய. பணக்கார வீட்டுக் கல்யாணத்துல, ஊர்வலத்துல அவங்க நிக்கணும், மேல் துண்டு போடக் கூடாது, போட்டா இடுப்புல கட்டணும்னு இருந்துச்சு. மதுரை சிவக்கொழுந்து செட்டிநாட்டுல ஒரு கல்யாண ஊர்வலத்துல வாசிச்சப்போ, தோள்ல இருந்த துண்டை எடுக்கச் சொல்லித் தகராறு வந்துச்சு. எடுக்க வேண்டாம்னு கூட நின்னவர் சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரி. வேர்த்து ஊத்துற ஒரு மனுஷன் துண்டு போட்டுக்கலாமாங்கிறதுக்கு ஒரு இயக்கமே வர வேண்டியிருந்துச்சு.

ராஜரத்தினம் பிள்ளை இதுல ஒரு பிடிவாதக்காரர். வாய்ப்பாட்டுக்காரங்க எப்படி மேடையில உட்கார்றாங்களோ அதே மாதிரி நானும் உட்கார்ந்துதான் வாசிப்பேன்னு நின்னார்... உட்கார்றதுக்காக நின்னார், தமிழ் விளையாடுது பாருங்க. கிராப்பு, கோட்டு, ஒத்துக்குப் பதில் தம்புரான்னு எல்லாத்துலயும் அவர் சொன்னது ஒண்ணுதான்: இது கச்சேரி, நான் வித்வான். மேடையில சம்மணம் போட்டு, அவசரம் இல்லாம, தோடியை விரிக்கிற சுதந்திரம் அந்த உட்கார்ற உரிமையோட சேர்ந்து வந்ததுன்னு நான் நினைக்கிறேன். அதனால ஒருத்தர் "நாயனக்காரர்னா நின்னுதானே வாசிக்கணும்"னு சாதாரணமா சொல்லும்போது, அதுக்குள்ள ஒரு பழைய உத்தரவு ஒளிஞ்சிருக்கு.

இப்பவும் மண்டபங்களைப் பாருங்க. மணவறைக்கு ஆர்ச், பூ, லைட். மேளத்துக்கு எங்க இடம்? மேடையோட ஓரத்துல, ஸ்பீக்கர் பக்கத்துல, சில நேரம் மேடைக்குக் கீழ. அங்க உட்கார்ந்தவர் கூட்டத்தைப் பார்த்த மாதிரி உட்காரணும், ஆனா கெட்டி மேளத்துக்கு ஐயர் கையைப் பார்க்கணும். முகூர்த்தம் முழுக்க கழுத்தை ஒரு பக்கம் திருப்பியே வாசிப்பாங்க. தாலி கட்டுற நேரத்துல வீடியோகிராபர் குறுக்க நிப்பார், அப்ப இன்னும் எட்டிப் பார்க்கணும். இங்க நான் பேசின ரெண்டு பேருக்கும் ஒரே பக்கக் கழுத்துலதான் வலி. ஒருத்தர் இப்ப மணவறையைப் பார்த்தே திரும்பி உட்கார்றார். உடம்பு முழுசா திரும்பினா கழுத்து நேரா இருக்கும்ல. "கூட்டத்துக்கு முதுகு தெரியுதே"ன்னு மண்டபத்துல கேட்டாங்களாம். "கூட்டம் பந்தியைத்தான் பார்க்குது"ன்னு சொல்லிட்டாராம்.

உங்க வீட்டுக் கல்யாணம் வந்தா, மேளத்துக்கு மணவறை தெரியுற இடம் கொடுங்க. ஒரு ஜமக்காளமும் மடிச்ச போர்வையும் போதும்.

சினிமா பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம மனசுல இருக்கிற நாதஸ்வர வித்வான் 1968-ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்' சிவாஜி. வாசிச்சது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த நரம்பு புடைக்கிற கழுத்து, உடம்பு எழும்புறது எல்லாம் திரைக்கு அபாரம். கத்துக்கிறவங்க அதைக் காப்பி அடிக்க வேண்டாம். நரம்பு புடைக்கிறதைப் பெருமையா நினைக்காதீங்க, அதிக அழுத்தத்தோட அடையாளம் அது. அழுத்தம் அதிகம் தேவைப்படுற ஊதுகருவிகளை வாசிக்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற அழுத்தமும் தற்காலிகமா ஏறுதுன்னு கண் மருத்துவ ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. வீட்ல யாருக்காவது கிளாக்கோமா இருந்தா கண் டாக்டர்கிட்ட "நான் நாதஸ்வரம் வாசிக்கிறேன்"னு ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க.

புல்லாங்குழல்காரங்க கோவிச்சுக்குவாங்க, அதனால சுருக்கமா: உங்க கருவி குறுக்க போகுது, ரெண்டு கையும் ஒரே பக்கம். கழுத்தை மட்டும் திருப்பாம, இடுப்புல இருந்து லேசா திரும்பி உட்காருங்க. குழலோட நுனி கொஞ்சம் கீழ இறங்கினா பரவாயில்ல, ஆனா தலையும் உதடும் அதே கோணத்துல சேர்ந்து சாயணும்.

இதெல்லாம் தெரிஞ்சும் நாம திரும்பப் பழைய மாதிரியே உட்காருவோம். ஏன்னா பழகின கோணல்தான் நமக்கு நேரா தோணும். ஆஸ்திரேலியாவுல எஃப்.எம்.அலெக்சாண்டர்னு ஒரு நடிகர், 1869-ல பிறந்தவர். மேடையில வசனம் பேசப் பேச குரல் கட்டிக்கும். டாக்டரால காரணம் சொல்ல முடியல. கண்ணாடி முன்னாடி நின்னு மாசக்கணக்கா தன்னையே கவனிச்சார். பேச ஆரம்பிக்கிற நொடியில தலையைப் பின்னாடி இழுக்கிறார், அது அவருக்கே தெரியல. அதுல இருந்து வந்ததுதான் அலெக்சாண்டர் டெக்னிக். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் மாதிரி இடங்கள்ல இன்னைக்கும் சொல்லித் தர்றாங்க. நமக்கு மாசக்கணக்கு வேண்டாம். ஃபோனைப் பக்கவாட்டுல வெச்சு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுங்க. வாசிக்க ஆரம்பிக்கிற அந்த முதல் நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்க. தலை எங்க போகுது, தோள் எங்க போகுது. அவ்வளவுதான்.

நேயருக்கு நான் எழுதினது: ஃபோன் கண் உயரத்துல, பின்பக்கம் போர்வை, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கருவியைக் கீழ வெச்சு எழுந்து நடக்கணும். பதினைஞ்சாவது நிமிஷம் வலி வந்தா பதினைஞ்சுல நிறுத்தணும், வலியோட வாசிச்சு சாதனை படைக்க வேண்டாம். விரல்ல மரத்துப் போறது, கைக்குள்ள சுரீர்னு இழுக்கிறது இருந்தா அது பழக்கக் குறைவு இல்ல, பிசியோதெரபிஸ்டைப் பார்க்கணும், முடிஞ்சா நாயனத்தையும் எடுத்துட்டுப் போய் வாசிச்சுக் காட்டணும். மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு. வலி முழுசா போகல, நாப்பது நிமிஷம் வரைக்கும் தாங்குதாம். சுருதி நிக்குதாம். தாத்தாவோட பழைய சீவாளிப் பெட்டியை ஊர்ல இருந்து எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார். அது இன்னும் வாசிக்க ஆகுமா, சீவாளிக்கு எத்தனை நாள் ஆயுசுன்னு அடுத்த கேள்வி கேட்டிருக்கார். அது அடுத்த எபிசோட்.